ஒரு நினைவுத் தோட்டத்தின் வரவு செலவு

வேல்ஸ் நாட்டின் தெற்கில், டாஃப் ஆற்றின் பள்ளத்தாக்கில் அபர்வான் என்றொரு சிற்றூர். ஊருக்குள் அளவான ஒரு தோட்டம் இருக்கிறது. தாழ்ந்த சுவர்கள், நடைபாதை, பருவத்துக்கேற்ற பூச்செடிகள், உட்கார இருக்கைகள். முதன்முறை வருகிறவர் அந்தச் சுவர்களை அழகுக்காகக் கட்டியவை என்று நினைத்துக் கடந்துவிடக் கூடும். ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. தோட்டத்தின் அமைப்பு ஓரளவு அந்தப் பள்ளியின் தரைப்படத்தை ஒட்டியே வகுக்கப்பட்டது. சுவர் நிற்கும் இடம் வகுப்பறையை நினைவூட்டும் இடம்.

பேரழிவில் மாண்டவர்களுக்காகத் தோட்டம் அமைப்பது இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. ஒரு குழு கூடுகிறது, வேண்டுகோள் வெளியாகிறது, பணம் சேர்கிறது, மரம் நடப்படுகிறது, ஒரு பெரியவர் வந்து திறந்து வைக்கிறார். செய்தி அத்துடன் முடிந்துவிடும். அந்தப் பணம் யாருடையது, அதை எப்படிச் செலவிடுவதென்று முடிவு செய்தவர் யார், முப்பது ஆண்டு கழித்துக் களை பறிக்கக் கூலி கொடுப்பது யார் என்ற கேள்விகள் அதற்குப் பிறகுதான் எழும். அபர்வான் இந்தக் கேள்விகள் எல்லாவற்றையும் சந்தித்த ஊர். அதன் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால், நினைவுச்சின்னத்துக்கு ஆதரவு திரட்டுவது என்பதற்கு நாம் வழக்கமாகக் கொள்ளும் பொருள் எவ்வளவு குறுகியது என்பது விளங்கும்.

மேடும் பள்ளியும்

அபர்வான் நிலக்கரியால் பிழைத்த ஊர். மெர்த்திர் வேல் சுரங்கத்தில் இருந்து வெட்டியெடுத்த கரி போக எஞ்சிய கல், மண், சேறு எல்லாவற்றையும் ஊருக்கு மேலே மலைச்சரிவில் கொட்டுவது வழக்கம். இப்படி ஏழு மேடுகள் உருவாயின. ஏழாவது மேட்டை 1958இல் கொட்டத் தொடங்கினார்கள். அந்த இடத்தில் நீரூற்று உண்டு. அரசின் நிலவரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருந்த ஊற்று அது. அதன் மேல்தான் எட்டு ஆண்டுகள் கழிவு குவிந்தது. 1966இல் மேட்டின் உயரம் 111 அடி.

எச்சரிக்கை இல்லாமல் நடந்ததல்ல இது. 1963இலேயே மெர்த்திர் நகராட்சியின் பொறியாளர் ஒருவர், பள்ளிக்குப் பின்னால் கரிச்சேறு கொட்டப்படுவதால் நேரக்கூடிய ஆபத்தைக் கடிதமாக எழுதினார். அதே ஆண்டில் அந்த மேடு ஒருமுறை சரியவும் செய்தது. மேட்டுக்குச் சொந்தக்காரர் தேசிய நிலக்கரி வாரியம். அது அரசுடைமை நிறுவனம். கடிதங்கள் போய்வந்தன, மேடு வளர்ந்தது.

1966 அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. பருவ இடைவிடுமுறைக்கு முந்தைய கடைசிப் பள்ளி நாள். ஊரில் மூடுபனி. மலையுச்சியில் வெயில். காலை ஒன்பதேகால் மணி அளவில் மேடு இளகிச் சரிந்தது. பனியில் மறைந்திருந்ததால் கீழே இருந்தவர்களுக்கு இரைச்சல்தான் கேட்டது. கறுப்புச் சேறு பான்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளியையும் அதையொட்டிய வீடுகளையும் புதைத்தது. 144 பேர் இறந்தார்கள். அவர்களில் 116 பேர் குழந்தைகள்; பெரும்பாலோர் ஏழு முதல் பத்து வயதுக்குள். அன்று காலை பதினொரு மணிக்குப் பிறகு யாரும் உயிருடன் மீட்கப்படவில்லை. சுரங்கத் தொழிலாளிகள், தம் பிள்ளைகளைத் தேடிய தகப்பன்மார் உட்பட, கைகளாலும் மண்வெட்டியாலும் தோண்டினார்கள். எல்லா உடல்களையும் எடுக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆயிற்று. பெத்தானியா தேவாலயம் பிணவறை ஆனது.

நீதிபதி எட்மண்ட் டேவிஸ் தலைமையிலான விசாரணை மன்றம் 76 நாள் அமர்ந்து 136 சாட்சிகளை விசாரித்தது. 1967 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. பழி நிலக்கரி வாரியத்தின் மேல் என்று அது ஐயத்துக்கிடமின்றிச் சொன்னது. கெட்ட எண்ணத்தால் நேர்ந்ததல்ல, அறியாமையாலும் திறமையின்மையாலும் தகவல் பரிமாற்றக் குறையாலும் நேர்ந்தது என்பது அதன் முடிவு. வாரியத்தின் ஊழியர் ஒன்பது பேரைப் பெயர் சொல்லிக் குறை கூறியது. அவர்களில் ஒருவர்கூட வேலை இழக்கவில்லை, பதவி இறக்கப்படவில்லை, யார் மீதும் வழக்கு இல்லை. வாரியத் தலைவர் ராபன்ஸ் பிரபு பதவி விலக முன்வந்தார், அது ஏற்கப்படவில்லை.

இந்தப் பின்னணி தெரியாமல் அபர்வான் தோட்டத்தின் நிதிக்கதையைப் புரிந்துகொள்ள முடியாது. நடந்தது இயற்கைச் சீற்றம் என்றால் இழப்பை ஈடு செய்யும் பொறுப்பு எல்லோருக்கும் பொது. இங்கே குற்றவாளி யார் என்று மன்றமே சொல்லிவிட்டது. அப்படியானால் முதல் செலவுக் கணக்கு அவருடைய பெயரில் அல்லவா தொடங்கியிருக்க வேண்டும்?

குவிந்த பணம்

விபத்து நடந்த சில மணி நேரத்திலேயே மெர்த்திர் நகர மேயர் ஒரு நிதியைத் தொடங்கினார். தொலைக்காட்சி வழியே வீட்டுக்குள் வந்த முதல் பேரழிவுகளில் ஒன்று அபர்வான். கறுப்புச் சேற்றைத் தோண்டும் ஆண்களையும் தெருவில் நின்று காத்திருக்கும் தாய்மார்களையும் பார்த்தவர்கள் எதையாவது அனுப்பாமல் இருக்க முடியவில்லை. பிள்ளைகள் கைச்செலவுக் காசை அனுப்பினார்கள். பிள்ளைகளே இல்லாமல் போன வீதிகளுக்குப் பொம்மைகள் வந்து குவிந்தன. 40க்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்து ஏறக்குறைய 90,000 நன்கொடைகள் வந்து சேர்ந்தன. 1967 ஜனவரியில் நிதியை மூடியபோது 16 லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்திருந்தது. வட்டியும் கூடி இறுதியில் ஏறத்தாழ 17.5 லட்சம் பவுண்டு ஆனது. அன்றைய மதிப்பில் மிகப் பெரிய தொகை.

வாரியம் கொடுத்த இழப்பீட்டை இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இறந்த ஒரு பிள்ளைக்கு 500 பவுண்டு. முகம் தெரியாதவர்கள் மலைபோல் கொடுத்தார்கள், கடன்பட்டவர் கை இறுகக் கொடுத்தார்.

நன்கொடை நிதி ஒன்று பெரிதாக ஆக அதைச் சுற்றி ஆட்கள் சேர்வார்கள். கொடுத்தவர்களுக்குத் தம் காசு எங்கே போகிறது என்ற கவலை. பத்திரிகைகளுக்கு அது அன்றாடச் செய்தி. நிர்வாகிகளுக்குச் சட்டப் பயம். இழந்தவர்களுக்கோ எதைக் கேட்டாலும் பணத்துக்கு அலைகிறார்கள் என்ற பேச்சு வருமோ என்ற கூச்சம். அபர்வானில் இவை அனைத்தும் நடந்தன. நிதியை நிர்வகித்த அறங்காவலர் குழுவில் தொடக்கத்தில் வெளியாரே மிகுதி. ஊர்க்காரர்கள் பெற்றோர், குடியிருப்போர் சங்கம் அமைத்துக் குரல் கொடுத்த பிறகே அவர்களுடைய கருத்துக்கு எடை வந்தது.

துயரத்துக்கு ஒரு தேர்வு

பிள்ளையை இழந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5,000 பவுண்டு கொடுக்க அறங்காவலர்கள் எண்ணினார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு குறுக்கே வந்தது. அறக்கொடை என்பது தேவையுள்ளவருக்கு உதவத்தான், துயரப்பட்டார் என்பதற்காக மட்டும் தொகை கொடுக்க முடியாது என்பது அதன் சட்ட நோக்கு. ஒவ்வொரு குடும்பமும் தம் பிள்ளையோடு எவ்வளவு நெருக்கமாக இருந்தது, அதனால் மனத்தளவில் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கும் என்பதைத் தனித்தனியாக ஆராய்ந்த பிறகே பணம் தர வேண்டும் என்று அது யோசனை சொன்னது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய், நீ உன் மகளை எவ்வளவு நேசித்தாய் என்று கேட்டு மதிப்பெண் போடுவதற்கு ஒப்பான யோசனை. குடும்பங்களுக்குத் தொகை போய்ச் சேர்ந்தது. ஆனால் உடலில் காயம் படாமல் தப்பிய பிள்ளைகளின் பெற்றோருக்கு உதவ முயன்றபோது, அப்படிக் கொடுத்தால் அறங்காவலர்களை நீக்குவோம் அல்லது அவர்களே பணத்தைக் கட்ட வேண்டிவரும் என்று அமைப்பு எச்சரித்தது. அந்த உதவி கைவிடப்பட்டது.

காயம் படாத பிள்ளைகள் உண்மையில் தப்பினார்களா? விபத்தில் உயிர் பிழைத்தவர்களை ஏறத்தாழ முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு ஆராய்ந்த மனநல மருத்துவர்கள் 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு ஆளாகியிருந்தார்கள். 29 விழுக்காட்டினருக்கு ஆய்வு நடந்தபோதும் அது நீடித்தது. 1967இல் மனக்காயத்தைக் கணக்கில் எழுத சட்டத்துக்குத் தலைப்பு இல்லை. தலைப்பு இல்லாததால் செலவும் இல்லை.

நினைவுத் தோட்டத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரடித் தொடர்பு உண்டு. உயிரோடிருப்பவருக்கு உதவுவது, இறந்தவருக்கு நினைவிடம் அமைப்பது, ஊருக்குப் பொதுவான வசதிகள் செய்வது ஆகிய மூன்றும் ஒரே உண்டியலில் விழுந்தன. உண்டியல் ஒன்றாக இருந்தால் ஒன்றுக்குக் கொடுப்பது மற்றொன்றில் இருந்து எடுப்பதாகிவிடும். கல்லறைக்கு நல்ல கல் வாங்கலாமா, பிள்ளைக்கு மருத்துவம் பார்க்கலாமா என்று ஒரு தாயைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் நிலை அது. பேரழிவு நிதிகள் பற்றிய வழிகாட்டு விதிகளை பிரிட்டனின் தலைமைச் சட்ட அதிகாரி 1980களின் தொடக்கத்தில் வெளியிட்டார். பென்லி உயிர்காப்புப் படகு மூழ்கியபோது திரண்ட நிதியை ஒட்டி மீண்டும் இதே குழப்பம் வந்த பிறகே அது நடந்தது. நிதி திரட்டும் நாளிலேயே அதன் நோக்கத்தைத் தெளிவாக எழுதி வைக்க வேண்டும் என்ற எளிய பாடம் அதில் இருக்கிறது.

மேட்டை அகற்றிய காசு

ஊர்க்காரர்களுக்குத் தோட்டத்தைவிட, கல்லறையைவிட அவசரமான ஒன்று இருந்தது. எஞ்சிய கழிவு மேடுகள் மலைமேல் அப்படியே நின்றன. காலையில் கதவைத் திறந்தால் கண்ணில் படுவது அவைதான். மழை பெய்தால் தூக்கம் போய்விடும். அவற்றை முழுதாக அகற்றுங்கள் என்று கேட்டார்கள். இனி அவை ஆபத்தில்லாதவை, சீர்படுத்திப் புல் வளர்த்தால் போதும் என்று பதில் வந்தது. வாரியம் முழுச் செலவை ஏற்க மறுத்தது. கருவூலமும் மனம் இளகவில்லை. வாரியமும் கருவூலமும் ஒரே அரசின் இரண்டு கைகள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பொறுமை இழந்த ஊர்க்காரர்கள் கார்டிஃபில் இருந்த வேல்ஸ் துறை அலுவலகத்துக்குப் போய்க் கரிச்சேற்றைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

1968இல் முடிவு வந்தது. மேடுகளை அகற்ற ஆகும் செலவு 8,50,000 பவுண்டு. அதில் 1,50,000 பவுண்டை மக்கள் நன்கொடை நிதியில் இருந்து தர வேண்டும். வேல்ஸ் துறை அமைச்சர் ஜார்ஜ் தாமஸின் நெருக்குதலுக்கு அறங்காவலர்கள் பணிந்தார்கள். மறுத்தால் மேடுகள் அங்கேயே நிற்கும் என்ற நிலையில் அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. குழுவில் இருந்த உள்ளூர் நாடாளுமன்ற உறுப்பினர் எஸ். ஓ. டேவிஸ் எதிர்ப்புத் தெரிவித்து விலகினார். 1970 தேர்தலில் முதுமையைக் காரணம் காட்டி அவருக்குக் கட்சி இடம் தர மறுத்தபோது, அவர் தனித்து நின்று வென்றார்.

இந்த வரவு செலவை ஒரு வரியில் எழுதிப் பார்க்கலாம். பிள்ளைகளைக் கொன்ற கழிவை அப்புறப்படுத்த, பிள்ளைகளை இழந்தவர்களுக்காக உலகம் அனுப்பிய காசில் இருந்து ஆறில் ஒரு பங்குக்கு மேற்பட்ட செலவு வசூலிக்கப்பட்டது.

முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அரசுக் கோப்புகள் ஆய்வாளர்களுக்குத் திறந்தபோது, இயன் மக்லீன், மார்ட்டின் ஜோன்ஸ் ஆகிய இருவர் அவற்றை ஆழமாகப் படித்தார்கள். 2000இல் வந்த அவர்களது நூல் இந்தத் தொகையை முறையற்ற எடுப்பு என்றே கருதுகிறது. அவர்கள் சுட்டும் முரண் கூர்மையானது. பெற்றோருக்குக் காசு கொடுக்கும்போது ஒவ்வொரு பவுண்டையும் தடுத்துக் கேள்வி கேட்ட கண்காணிப்பு அமைப்பு, அரசு தன் பங்குக்கு 1,50,000 பவுண்டை எடுத்தபோது நிதியைக் காக்க வாய் திறக்கவில்லை.

1997இல் ஆட்சி மாறியது. புதிய வேல்ஸ் அமைச்சர் ரான் டேவிஸ் அந்த 1,50,000 பவுண்டைத் திருப்பிக் கொடுத்தார். அதே 1,50,000. இடைப்பட்ட 29 ஆண்டுகளில் விலைவாசி ஒன்பது மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. வட்டியும் இல்லை. கடன் திரும்பியது, ஆனால் கடனின் மதிப்பு திரும்பவில்லை. நியாயம் கொஞ்சம் நெருங்கி வர மேலும் பத்தாண்டு பிடித்தது. 2007இல் வேல்ஸ் தன்னாட்சி அரசு 15 லட்சம் பவுண்டை அபர்வான் நினைவு அறக்கட்டளைக்கும், 5 லட்சத்தை அபர்வான் கல்வி அறக்கட்டளைக்கும் வழங்கியது.

கல்லும் தேயும்

2007இல் வந்த பணம் எதற்குப் போனது என்பதில்தான் நினைவிடங்களின் உண்மைப் பொருளாதாரம் இருக்கிறது. ஊரின் மேற்புறம் பிரின்டாஃப் கல்லறைத் தோட்டத்தில் பிள்ளைகளின் சமாதிகள் மீது வெண்மையான வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. பள்ளத்தாக்கின் எதிர்ப்புறத்தில் இருந்தும் தெரியும். முதலில் அவை போர்ட்லண்டு கல்லிலும் நப்ரெசினா கல்லிலும் செய்யப்பட்டன. வேல்ஸின் மழையும் பனியும் அந்தக் கற்களை அரித்தன. பிற்காலச் சீரமைப்பில் அவற்றை எடுத்துவிட்டு வழவழப்பான வெண் கிரானைட்டில் புதிதாகச் செய்தார்கள். ஒவ்வொரு பெயரையும் மறுபடி செதுக்கினார்கள். காலத்துக்கும் நிற்கும் என்று எழுப்பிய கல் நாற்பது ஆண்டில் தேய்ந்துபோனது. பெயர்களை இரண்டாம் முறை செதுக்க ஆன செலவை முதல் நன்கொடையாளர்களில் யார் எதிர்பார்த்திருப்பார்?

தோட்டம் கல்லைவிட மோசமான கடன்காரன். செடி வளரும், பட்டுப்போகும், புல் வெட்ட வேண்டும், நடைபாதையில் பாசி பிடிக்கும், மழைநீர் வடியும் வழி அடைபடும். கல்லறைத் தோட்டமும் நினைவுத் தோட்டமும் சேர்ந்து தரும் சுமையைத் தாங்க 1980களின் இறுதியில் தனி நினைவு அறக்கட்டளை உருவாயிற்று. பழைய நிதியின் ஒரு கிளை அது. அரசு எடுத்துக்கொண்ட 1,50,000 பவுண்டு அந்த 29 ஆண்டுகள் முதலீடாக இருந்திருந்தால், அதன் வட்டி இந்த வேலைகளைத்தான் பார்த்திருக்கும். இழப்பு எவ்வளவு என்பது அப்போதுதான் முழுதாகப் புரிகிறது. எடுக்கப்பட்டது 1968இன் ஒரு தொகை மட்டும் அல்ல. வருங்காலத் தோட்டக்காரர்களின் கூலி.

தோட்டத்தின் மதிப்பை அரசு உணரவும் காலம் ஆனது. எலிசபெத் அரசி விபத்து நடந்து எட்டு நாள் கழித்தே வந்தார்; அந்தத் தாமதம் பிறகும் பேசப்பட்டது. அதே அரசி 1997இல் வந்து இந்தத் தோட்டத்தில் மரம் ஒன்றை நட்டார். ஐம்பதாம் ஆண்டு நினைவு நாளில், 2016இல், இளவரசராக இருந்த சார்ல்ஸ் அங்கே நினைவுப் பலகையைத் திறந்து வைத்தார். 2022இல் கல்லறை, நினைவுத் தோட்டம், மேடு சரிந்து வந்த தடம் ஆகிய மூன்றும் வேல்ஸின் வரலாற்றுத் தோட்டங்களின் பட்டியலில் இடம்பெற்றன. மேடு சரிந்த தடத்தையும் தோட்டத்தோடு சேர்த்தது கவனிக்க வேண்டியது. காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் நினைவுகூர்வது அரைகுறை நினைவு என்பதை அந்தப் பட்டியல் ஒப்புக்கொள்கிறது.

பணம் தராமலும் ஆதரவு உண்டு. ஊர் ஆண்கள் துயரை ஆற்றிக்கொள்ளத் தொடங்கிய பாடற்குழு பல்லாண்டு நிலைத்து நின்றது. வான்குண்டுகளால் சிதைந்து மீண்ட கவென்ட்ரி நகரத்து மக்கள் தாமே காசு சேர்த்து, பழைய மெர்த்திர் வேல் பள்ளி நின்ற இடத்தில் ஒரு விளையாட்டுத் திடல் அமைத்துத் தந்தார்கள். 1972இல் அவர்களுடைய மேயரே வந்து திறந்து வைத்தார். இழந்த பிள்ளைகளுக்கு நினைவுத் தோட்டம், இருக்கிற பிள்ளைகளுக்கு ஊஞ்சல். அடி வாங்கிய ஊருக்கு அடி வாங்கிய ஊரின் தேவை விளங்கியிருக்கிறது.

வேகமும் நிதானமும்

எல்லா ஊரும் அபர்வானைப் போல் காத்திருப்பதில்லை. 2017 அக்டோபர் 1 இரவு அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் இசை விழாக் கூட்டத்தின் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 58 பேர் இறந்தார்கள். தோட்ட வடிவமைப்பாளர்கள் இருவர் ஒரு துடைப்புத் தாளில் கோடு போட்டுத் திட்டம் வரைந்தார்கள். நகராட்சி ஒரு காலி மனையைக் கொடுத்தது. நாற்றுப் பண்ணைகள் செடிகளைக் கொடுத்தன. கடப்பாறையோடு வந்து நின்றவர்கள் தன்னார்வலர்கள். ஒரு வாரத்துக்குள் 58 மரங்களோடு தோட்டம் திறக்கப்பட்டது. கணக்குப் பிள்ளைக்கும் சட்ட ஆலோசகருக்கும் வேலை வைக்காத வேகம் அது. துக்கத்தில் கை சும்மா இருக்க முடியாது. மண்ணைக் கிளறுவதே ஒரு மருந்து. ஆனால் காயங்களால் பின்னாளில் மேலும் இருவர் இறந்தபோது எண்ணிக்கை 60 ஆனது. வேகமாகக் கட்டிய நினைவிடம் இறுதிக் கணக்குக்கு முந்தியே எழுந்துவிட்டது.

எதிர் முனையில் குஜராத்தின் பூஜ் நகரத்து ஸ்மிருதிவனம். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் இறந்தோருக்காக மாநில அரசு, புஜியோ குன்றின் மேல் 470 ஏக்கரில் காடு வளர்த்தது. தடுப்பணைகள் கட்டி மழைநீரைத் தேக்கி, 12,932 பேரின் பெயர்களைத் தாங்கிய பலகைகளைப் பதித்தது. 2022 ஆகஸ்டில்தான் அது திறக்கப்பட்டது. 21 ஆண்டு ஆனாலும் வறண்ட கச்சு நிலத்தில் தண்ணீரே நினைவுச்சின்னத்தின் உறுப்பாக வந்தது நல்ல யோசனை. செடிக்கு வேண்டிய நீரை முதலில் சம்பாதித்துவிட்டு மரம் நட்டிருக்கிறார்கள்.

இவ்விரண்டுக்கும் இடையில் போபால் நிற்கிறது. 1984 டிசம்பர் நச்சுவாயுவில் இறந்தோருக்கு, அடுத்த ஆண்டே ஆலைக்கு எதிரே ரூத் வாட்டர்மேன் என்ற டச்சுக் கலைஞர் தாயும் பிள்ளையும் கொண்ட ஒரு சிலையை எழுப்பினார். அதற்குள்ள எளிய கம்பீரம் பின்னர் பேசப்பட்ட பெரிய திட்டங்களுக்கு வாய்க்கவில்லை. காரணம் வெளிப்படை. ஆலை வளாகத்தில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு 2025 ஜனவரியில்தான் அங்கிருந்து அகற்றப்பட்டது. மேடு நிற்கும்போது தோட்டம் பேச அபர்வான் மக்கள் மனம் கொள்ளாததற்கு என்ன காரணமோ, அதுவே இங்கும். நஞ்சு இருக்கும் மண்ணில் மலர் நடுவதை, நினைவைவிட மறைப்பாகவே அங்கு வாழ்கிறவர்கள் காண்பார்கள்.

விளக்குக்கு ஆடு

சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளைப் படிக்கிறவர்கள் அடிக்கடி சந்திக்கும் ஒரு தொடர் உண்டு: சாவா மூவாப் பேராடு. கோயிலில் ஒரு நந்தாவிளக்கு எரிய 96 ஆடுகள் கொடுப்பார்கள். அவை சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. ஆடு செத்தால் குட்டி அதன் இடத்துக்கு வரும், எண்ணிக்கை குறையாது. பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். விளக்கை ஏற்றியதற்கு யாரையும் புகழாமல், நெய்க்கு வழி செய்தவரின் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். எரியத் தொடங்குவது எளிது, எரிந்துகொண்டே இருப்பதற்குத்தான் ஏற்பாடு வேண்டும் என்று அந்தக் கணக்குக்குத் தெரிந்திருந்தது.

அக்கல்வெட்டுகளில் இன்னொரு வகையும் உண்டு. வேட்டையிலோ கை தவறியோ ஒருவரைக் கொன்றுவிட்டவர், ஊரார் கூடிச் சொன்ன தீர்ப்புப்படி இறந்தவருக்காகக் கோயிலில் விளக்கு வைத்த செய்திகள். உள்நோக்கம் இல்லாத கொலை என்று ஊர் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஆடு கொடுக்க வேண்டியவர் கொன்றவர். இறந்தவரின் வீட்டாரிடம் யாரும் ஆடு கேட்கவில்லை.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. அதிலும் குறைகள் இருந்திருக்கும். அபர்வானின் கோப்புகளுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் இரண்டு கேள்விகள் கூராகின்றன என்பதுதான் செய்தி. நினைவிடத்துக்கு நிதி கேட்டுக் கதவைத் தட்டும் குழுக்கள் முதல் கதவு யாருடையது என்று பார்க்க வேண்டும். விபத்துக்குக் காரணமானவர் ஒருவர் இருக்கையில் அவர் கதவைத் தட்டாமல் நல்லவர்களின் கதவைத் தட்டினால், அவர்களுடைய கருணையே காரணமானவருக்குத் தள்ளுபடியாகிவிடும். பிறகு, சேர்ந்த தொகையில் எவ்வளவை நடுவதற்கும் எவ்வளவை வைப்புக்கும் ஒதுக்குவது என்று முதல் கூட்டத்திலேயே, இழந்தவர்கள் அமர்ந்திருக்க, எழுதிவைக்க வேண்டும். நன்கொடை கொடுத்தவர் திறப்பு விழாவைப் பார்ப்பார். நாற்பதாவது ஆண்டு புல் வெட்டுவதைப் பார்க்கமாட்டார்.

மெர்த்திர் வேல் சுரங்கம் 1989இல் மூடப்பட்டது. கழிவு மேடுகள் இருந்த சரிவில் இன்று புல் படர்ந்திருக்கிறது. கீழே பள்ளியின் சுவர்க்கோட்டை ஒட்டிய தாழ்சுவர்களுக்கு நடுவே யாரோ ஒருவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். அவருடைய கூலி எந்தக் கணக்கில் இருந்து வருகிறது என்பதற்கு ஒரு நாடு 1968இல் தவறான பதில் எழுதி, அதைத் திருத்த நாற்பது ஆண்டு எடுத்துக்கொண்டது.